நாடிவிளக்கு

கன்னிவாடிச் சந்தையில் விளக்குக் கடைக்காரர் கடைக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். வெளியே மாலை வெயில் முதுகை உரித்துக்கொண்டிருந்தபோதும் அதற்குள் கும்மிருட்டு. விளக்கு வாங்க வருகிறவர்கள் உள்ளே போய் எரித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். எரித்துப் பார்ப்பதற்கென்றே கோடியில் நாலைந்து ஆடுகளைக் கட்டியிருந்தார்.

அந்தப் பக்கமெல்லாம் பகலில் ஆடு மேய்ப்பது நின்றுபோய் வெகு காலமாகியிருந்தது. வெயிலில் விட்டால் உச்சிப்பொழுதுக்குள் ஆடு வாயைப் பிளந்து படுத்துவிடும். அதனால் பொழுது சாய்ந்த பிறகுதான் கிளுவை முள்வேலி போட்ட கொறங்காடு என்கிற மேய்ச்சல் நிலங்களுக்குள் ஆடுகள் இறங்கும், வெயில் ஏறுமுன் கொட்டகைக்குத் திரும்பிவிடும். மனிதர்களும் அதற்கேற்ப மாறிக்கொண்டார்கள். பள்ளிக்கூட மணி பொழுது சாய்ந்து அடித்தது. கல்யாணப் பந்தி நடுச்சாமத்தில் நடந்தது. ஆட்டுக்காரர்களுக்கு விளக்கு என்பது இன்னொரு கண் மாதிரி. ஒரு வீட்டில் என்ன விளக்கு இருக்கிறது என்பதை வைத்தே ஆட்டுப்பட்டி எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுவார்கள்.

மிதுனாவும் அவள் கணவன் கோகுலும் வெகுநேரம் அந்தக் கொட்டகைக்குள் நின்றிருந்தார்கள். கோகுலுக்கு முதலில் காட்டிய விளக்கே பிடித்துவிட்டது. வெளிச்சம் கம்பி மாதிரி நீண்டு போகும். வேலியோரம் பதுங்குகிற நாயின் கண் அத்தனை தூரத்திலும் மினுங்கும். இரண்டாவது விளக்கு தூரம் போகாது, ஆனால் விரிந்து விழும். ஈனுகிற ஆட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். மூன்றாவதில் ஆடு மிரளாமல் இருக்க மங்கலான செவ்வெளிச்சம் இருந்தது. மிதுனா ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பார்த்தாள், கனம் பார்த்தாள், சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டாள், எதிலும் மனம் ஒட்டாமல் திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியாகக் கடைக்காரர் நாடிவிளக்கை எடுத்தார். அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த சரக்கு. அது முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியை ஆட்டின் மேல் வீசும். தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் சூட்டையும் நிறத்தையும் துடிப்பையும் அந்த ஒளி படித்துக்கொண்டு வரும். இமைப்பதற்குள் விளக்கு அந்த ஆட்டின் மேல் மட்டும் ஒரு நிறத்தைப் பூசும். நலமாக இருந்தால் பச்சை. உடம்புக்கு முடியவில்லையென்றால் மஞ்சள். காய்ச்சல் உள்ளே இறங்கிவிட்டதென்றால் சிவப்பு. கோடியில் நின்ற ஆடுகளில் ஒன்று மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. அது சாதாரணமாக அசைபோட்டுக்கொண்டுதான் நின்றது.

கோகுலுக்கு அது வேண்டாத ஆடம்பரமாகப் பட்டது. தங்களுக்கு நாய்தானே தொந்தரவு, வேலியோரம் தெரிந்தால் போதாதா என்றான்.

மிதுனா இருட்டில் அவன் பக்கம் திரும்பினாள். "நாய் ரெண்டு மூணு ஆட்டத்தானுங்க கடிச்சுது. காய்ச்சல் பாதிப் பட்டியக் கொண்டுட்டுப் போயிருச்சு. நாயக் காட்டற வெளக்கு வேணுமா, காய்ச்சலக் காட்டற வெளக்கு வேணுமா, நீங்களே சொல்லுங்க."

கோகுல் முதல் விளக்கைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான். போன மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்தபோது, ஆடு கீழே படுத்த பிறகுதான் நோய் என்றே தெரிந்தது. வெள்ளை வெளிச்சத்தில் எல்லா ஆடுகளும் ஒன்றுபோலத்தான் இருந்தன. விடிய விடிய ஆடுகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயில் மருந்து ஊற்றியவள் அவள்தான். நாடிவிளக்கை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

முதல் வாரமே அது தன் வேலையைக் காட்டியது. பட்டியிலேயே கொழுத்த பெட்டையாடு ஒன்றின் மேல் சிவப்பு விழுந்தது. மிதுனா அதன் கண்ணிமையை விரித்துப் பார்த்தாள், காதைத் தொட்டுப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும் பிரித்துக் கட்டினாள். கால்நடை மருத்துவர் ரிஸ்வானா வந்து ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பட்டிக்கே பரவியிருக்கும் என்றார். அன்றைக்கு மிதுனா வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினாள்.

விஷயம் பரவியது. வருடம் திரும்புவதற்குள் நாடிவிளக்கு இல்லாத பட்டியே அந்த வட்டாரத்தில் இல்லை. சிவப்பு காட்டிய ஆட்டை அன்றைக்கே கொன்று புதைத்துக் கழித்தார்கள். மஞ்சள் காட்டியதன் குட்டியைக்கூட வளர்ப்புக்கு விடவில்லை. பச்சை ஆட்டை மட்டும்தான் சந்தைக்குள் விட்டார்கள். காய்ச்சல் என்ற பேச்சே ஊரில் அடங்கிப்போனது. ஆட்டின் இமையை விரித்துப் பார்ப்பதையும் வயிற்றை அமுக்கிப் பார்ப்பதையும் எல்லோரும் விட்டுவிட்டார்கள். அது பழங்கால வேலையாகத் தோன்றியது.

பிறகு விளக்கு மனிதர்களிடம் வந்தது. ஆஸ்பத்திரிகளில் சிறிய நாடிவிளக்குகள் வைத்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை நிறுத்தி ஒருமுறை அடித்துப் பார்த்து உள்ளே அனுப்பினார்கள். வண்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று ஆனது. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்குப் போக ஆளில்லாமல் ஒவ்வொன்றாக மூடினார்கள். வழியில் பார்த்துக்கொண்டவர்கள், சௌக்கியமா என்று கேட்பதற்குப் பதிலாக, "பச்சைதானுங்களே?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

அப்படியே ஏழெட்டு வருடம் போனது.

அந்தத் தையில் மிதுனாவின் பட்டியில் ஒரு பெட்டை இரண்டு மூன்று நாளாகக் கூட்டத்தை விட்டு ஒதுங்கித் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. மிதுனா விளக்கடித்துப் பார்த்தாள். பச்சை. சரி, வெயில் சோர்வாக இருக்கும் என்று நகர்ந்துவிட்டாள். அந்தப் பெட்டை குறைமாதத்தில் ஈன்றபோது கோகுல்தான் கையை விட்டுக் குட்டியை இழுத்தான். குட்டி செத்துப் பிறந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த சவ்வை விலக்கி, ஒருவேளை மூச்சு வருமா என்று வாயால் ஊதி ஊதிப் பார்த்தான்.

மறுவாரம் இனவிருத்திக்கு வைத்திருந்த பொலிகிடாய் விழுந்தது. அது விழும்போது மிதுனா விளக்கை அதன் மேல்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். இளம் பயிர் மாதிரியான பச்சை வெளிச்சத்தில் கிடாய் முன்னங்காலை மடித்தது, பக்கவாட்டில் சாய்ந்தது, வாயில் நுரை தள்ளியது. கடைசி உதறல் வரைக்கும் பச்சை மாறவேயில்லை. விளக்குத்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அவள் பக்கத்துத் தோட்டத்து விளக்கை ஓடிப்போய் வாங்கி வந்து கூட்டத்தின் மேல் அடித்தாள். அதிலும் எல்லா ஆடும் பச்சை. விடியும்போது கொட்டகையில் ஏழு ஆடுகள் விறைத்துக் கிடந்தன.

ரிஸ்வானா வந்து கிடாயை வெயிலிலேயே அறுத்துப் பார்த்தார். ஈரல் களிமண் மாதிரி விண்டு வந்தது. நுரையீரல் கறுத்திருந்தது. நோய் ஒரு நாளில் வந்ததல்ல, மாதக்கணக்கில் உள்ளே இருந்து தின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பினார். பக்கத்தில் எங்கும் சோதிக்க இடமில்லை. முடிவு வந்ததும் அவரே நேரில் வந்தார். வேலிக்கு வெளியிலேயே நின்று பேசினார். முகத்தில் துணி கட்டியிருந்தார்.

அந்தப் பழைய காய்ச்சலேதான் என்றார். ஆனால் கிருமியின் குணம் மாறியிருக்கிறது. உடம்பைச் சூடாக்குவதில்லை, ரத்தத்தின் நிறத்தை மாற்றுவதில்லை, துடிப்பைக் கூட்டுவதில்லை.

மிதுனாவுக்குப் புரியவில்லை. விளக்கு இத்தனை வருடமாகப் பொய் சொல்லியதா என்று கேட்டாள்.

"விளக்கு பொய் சொல்லலைம்மா," என்றார் ரிஸ்வானா. "சிவப்புக் காட்டின ஆட்டையெல்லாம் நாம கழிச்சோம். அந்த ஆட்டோட அதுக்குள்ள இருந்த கிருமியும் போச்சு. ஆயிரத்துல ஒண்ணு, விளக்குக்குத் தெரியாம இருக்கிற கிருமி இருந்திருக்கும். அதை மட்டும் நாம தொடவேயில்ல. அதுதான் பெருகிச்சு. நோயை ஒழிச்சோம்னு நினைச்சுட்டிருந்தோம். ஒளியத் தெரிஞ்ச நோயாப் பார்த்துப் பார்த்து வளர்த்திருக்கோம்."

பிறகு அவர், வீட்டில் யாருக்காவது உடம்பு சோர்வாக இருக்கிறதா என்று கேட்டார். இது ஆட்டோடு நிற்கிற மாதிரி தெரியவில்லை, மூச்சு வழியாகப் போகிறது என்றார். மிதுனா திரும்பி வீட்டைப் பார்த்தாள். கோகுல் நேற்றிலிருந்து சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தான்.

டவுன் ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் கோகுலின் மேல் விளக்கடித்தார். பச்சை. ராத்திரி வேலை, தூக்கம் போதவில்லை என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதினார். மிதுனா கிடாயைப் பற்றிச் சொன்னாள், ரிஸ்வானா சொன்னதைச் சொன்னாள், ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று கெஞ்சினாள். அவர் அலுத்துக்கொள்ளவில்லை, பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் எடுத்தால் சோதிக்கக் கருவியில்லை. பச்சையாக இருப்பவரைப் படுக்கையில் சேர்க்கவும் அவருக்கு அனுமதியில்லை. ரிஸ்வானா மேலிடத்துக்குப் போய் முட்டிப் பார்த்தார். எத்தனை பேருக்குச் சிவப்பு காட்டுகிறது என்று அதிகாரி கேட்டார். ஒருவருக்கும் இல்லை என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்டார்.

வீட்டுக்கு வந்த கோகுல் மூன்றாம் நாள் எழுந்து உட்காரவும் முடியாமல் ஆனான். நெஞ்சுக்குள் தண்ணீர் நின்றதுபோல மூச்சு களகளத்தது. மிதுனா நெற்றியில் கை வைத்தாள். சில்லென்றிருந்தது. அவன் நாடிவிளக்கைக் கொண்டுவரச் சொன்னான். வேண்டாமென்று அவள் மறுத்தும் கேட்கவில்லை. அடித்துக் காட்டினாள். பச்சையாகத் தெரிந்த தன் உள்ளங்கையை அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதப் பாத்தா எனக்கே நம்பிக்கை வருது, மிதுனா," என்றான்.

அவள் விளக்கை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். தள்ளிப் படுக்கச் சொல்லி ரிஸ்வானா எச்சரித்திருந்தார். தள்ளிப் படுக்க அவளால் முடியவில்லை. இந்த விளக்கைத் தேர்ந்தெடுத்தது நான்தானே என்று ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள். அவனுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. விடிவதற்குள் அவன் போய்விட்டான்.

காலையில் சாவுச் செய்தி கேட்டு ரிஸ்வானா போனில் அழைத்தார். கோகுலின் ரத்தத்தையும் மிதுனாவின் ரத்தத்தையும் அவர் தாமே எடுத்து அனுப்பியிருந்தார். கோகுலின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்தது. மிதுனாவின் ரத்தத்திலும் இருந்தது. உடலைப் பெட்டியில் வைத்து மூடித்தான் எடுக்க வேண்டும், யாரையும் பக்கத்தில் விடாதே, ஒரு ஆளைக்கூட என்றார். ஆட்களைத் தடுத்து நிறுத்த அதிகாரத்தில் இருக்கும் யாரும் வரப்போவதில்லை என்பதையும் சொன்னார்.

மிதுனா இரும்புக் கேட்டைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து வராதீர்கள் என்றாள். இழவு வீட்டிலிருந்து இப்படியொரு பேச்சு வந்தால் யார் கேட்பார்கள்? துக்கத்தில் புத்தி தடுமாறிப் பேசுகிறாள் என்று இன்னும் அவசரமாகத்தான் கிளம்பினார்கள்.

முதலில் வந்த வேனில் கோகுலின் அக்கா கீர்த்தனா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் அவளுடைய பிள்ளைகள், மருமகள், இடுப்பில் கைக்குழந்தை. கீர்த்தனா தலைவிரிகோலமாகக் கேட்டை நோக்கி வந்தாள்.

மிதுனா முற்றத்தின் நடுவில் நின்று கையை நீட்டித் தடுத்தாள். "நங்கையா, அங்கியே நில்லுங்க. உங்க தம்பிக்கு வந்தது எனக்கும் வந்திருச்சு. உள்ள வராதீங்க. கொழந்தைய வேனுக்கே கொண்டுட்டுப் போகச் சொல்லுங்க."

கீர்த்தனா அப்படியே நின்றாள். அவள் முகத்தில் பயம் ஓடியதை மிதுனா பார்த்தாள். அப்பாடா, நம்பிவிட்டாள் என்று தோன்றியது. கீர்த்தனா மகனிடம் ஏதோ சொன்னாள். அவன் வேனுக்குள் கையை விட்டு நாடிவிளக்கை எடுத்து, கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே நீட்டி, அத்தையின் மேல் அடித்தான்.

மிதுனா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். புடவையின் மேலும் கையின் மேலும் பச்சை படர்ந்திருந்தது.

"பாரு கண்ணு," என்றாள் கீர்த்தனா. அவள் குரல் இளகியிருந்தது. "பச்சைதான். உனக்கு ஒண்ணுமில்ல. நீயா எதையும் நெனச்சுக்காத."

மகன் கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுக் கொண்டியை விலக்கும் சத்தம் கேட்டது. மிதுனா பின்வாங்கினாள். கொட்டகைச் சுவர் முதுகில் இடித்தது. வேண்டாமென்று கத்தினாள், கையை உதறினாள். கீர்த்தனா விடவில்லை. புருஷனைப் பறிகொடுத்தவள் கத்தத்தான் செய்வாள் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கையாலும் மிதுனாவை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்துத் தம்பியின் பேரைச் சொல்லி அழுதாள்.

மிதுனா மூச்சை அடக்கிக்கொண்டாள். முடிந்தவரை அடக்கினாள். இத்தனை நாளில் அவளை யாரும் இப்படிக் கட்டிப்பிடித்திருக்கவில்லை. அடக்க அடக்க அழுகை உடைத்துக்கொண்டு வந்தது, அதோடு மூச்சும் வந்தது. கைக்குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு மருமகள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுத்த வேன் வந்து நிற்க, கேட்டுக்கு வெளியே ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டிருந்தார்கள்.