எட்டாத இடம்

"இடது பக்கம்" என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் கை இடது பக்கம் போய்விட்டது.

சொல்லியிருப்போம், நமக்கே ஞாபகமில்லை என்று நினைத்துக்கொண்டார். தனியாக இருப்பவனுக்கு இது ஒரு தொல்லை. எதை வாய்விட்டுச் சொன்னோம், எதை மனசுக்குள் சொன்னோம் என்று எடுத்துச் சொல்ல ஆள் கிடையாது. மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஜன்னல் விளிம்பிலிருந்து சொட்டும் நீரும், பக்கத்து அறையில் முனகிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜும், முதுகில் சர் சர்ரென்று தேய்க்கும் அந்த ரப்பர் விரல்களும் சேர்ந்து ஒரே தாளத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

பிறருடைய சின்னச்சின்ன எரிச்சல்களைத் தீர்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. பால் பொங்குவதற்கு முன் கத்துகிற மூடி, காணாமல் போனால் "இங்க இருக்கேன்" என்று குரல் கொடுக்கிற டிவி ரிமோட், இதெல்லாம் அவர் வடிவமைத்தவை. "ஜனங்களுக்கு எரிச்சல் இருக்கிற வரைக்கும் நமக்குச் சம்பளம் இருக்குய்யா" என்பார் முதலாளி.

அவருடைய சொந்த எரிச்சல், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம். மேலிருந்து கையை விட்டாலும் எட்டாது, கீழிருந்து விட்டாலும் எட்டாது. மனைவி இருந்தவரை அது ஒரு விஷயமாகவே தெரிந்ததில்லை. டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இதுக்குத்தான் என்னைக் கட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்று முணுமுணுத்தபடியே சொறிந்துவிடுவாள். முடிந்ததும் முதுகில் பளாரென்று ஒரு தட்டு. போன மழைக்காலத்தில் அவள் போய்ச்சேர்ந்தபோது ஊர் முழுக்க வந்து துக்கம் விசாரித்தது. முதுகு அரிக்கிறது என்று அவர்களில் யாரிடம் போய்ச் சொல்வது?

அதனால் ஒரு கை செய்தார். ஐந்து ரப்பர் விரல்கள், ஒரு சின்ன மோட்டார், பேச்சைக் கேட்க ஒரு மைக். ஒரு பழைய நாற்காலியின் முதுகுத் துணியைக் கிழித்தெடுத்துவிட்டு, வெறும் சட்டத்தின் நடுவே அதைத் திருகி முடுக்கினார். மேல, கீழ, இடது, வலது, போதும். இவ்வளவுதான் அதற்குப் புரியும்.

"போதும்" என்றார். கை நின்றது.

பிறகு முதுகில் ஒரு தட்டு விழுந்தது.

தட்டுவதற்கு அவர் எதையும் பொருத்தியிருக்கவில்லை. ஸ்பிரிங் ஏதோ கழன்றிருக்கும். எழுந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. பார்த்தால் ஸ்பிரிங்தான் என்று தெரிந்துவிடுமே என்றிருந்தது.

அன்று அக்கா ஃபோன் செய்தாள்.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா."

"என்னடா குரலே ஒரு மாதிரி இருக்கு? வந்து நாலு நாள் என்கூட இரேன்."

"இல்லக்கா, வீட்டுல..." ஆள் இருக்கு என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார். "வீட்டுல வேலை இருக்கு."

அதன்பின் சாயங்காலமானால் அலுவலகத்தில் கால் தரிக்கவில்லை. வந்ததும் சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்காருவார். எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அரிப்பு எழுவதற்கு முன்பே விரல்கள் அங்கே போய்க் காத்திருக்கும். அன்றைக்கு நடந்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார். சிரிப்பு வரும் இடங்களில் விரல்கள் ஒரு கணம் நின்று, பிறகு தொடரும்.

ஒரு காலை, குளித்துவிட்டுக் கண்ணாடியில் முதுகைத் திருப்பிப் பார்த்தார். மெல்லிய சிவப்புக் கோடுகள். சில இடங்களில் ரத்தம் துளிர்த்துக் காய்ந்திருந்தது.

ரப்பர் விரல்களுக்கு நகம் கிடையாது.

அன்றே கையைக் கழற்றி ஒரு பையில் போட்டு அலுவலகத்துக்கு எடுத்துப் போனார். சோதனைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்த பெண், ஸ்க்ரூடிரைவரால் மூடியைத் திறந்து, மூக்கைச் சுளித்தாள்.

"சார், இதை உபயோகிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"நேத்து கூட..."

"நேத்தா?" அவள் சிரித்தாள். "மோட்டார் கருகிப் போயிருக்கு சார். பாருங்க, உள்ள சிலந்தி கூடு கட்டியிருக்கு. இது அசைஞ்சே மாசக்கணக்குல ஆகியிருக்கும்."

அவரும் சிரித்து வைத்தார். தன் சிரிப்பு யாருடையதோபோல் காதில் விழுந்தது.

"வச்சிட்டுப் போங்க சார், வேற மோட்டார் போட்டுத் தர்றேன்." அவருடைய வீட்டு விவரம் எதுவும் அவளுக்குத் தெரியாது. "அதுவரைக்கும் வீட்டுல அவங்களையே சொறிஞ்சுவிடச் சொல்லுங்க."

வழியெல்லாம் அந்தச் சொல் கூடவே வந்தது. அவங்களையே. சொறிந்தது மோட்டார் இல்லை என்றால், அந்த இடம் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதானே? பேருந்தில் எல்லோருக்கும் நடுவே கண் கலங்கி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் பொழுது மங்கியிருந்தது. விளக்கைப் போடத் தோன்றவில்லை. சுவரை ஒட்டி நின்ற நாற்காலியின் வெற்றுச் சட்டத்தில் திருகு ஓட்டைகள் மட்டும். பின்னால் எட்டிப் பார்த்தார். ஓர் ஆள் நிற்க இடமில்லை. ஈரம் ஏறிய சுவரின் வாசனை மட்டும் இருந்தது.

சட்டையைக் கழற்றினார். உட்கார்ந்தார்.

"நீதானா?"

ஃப்ரிட்ஜ் முனகுவதை நிறுத்தியது.

முதுகில் நகங்கள் மெல்ல இறங்கின.

அவர் அழுதார். இத்தனை மாதமும் அழாத அழுகை. "ஏன் இவ்வளவு நாளா சொல்லல? நான் பாட்டுக்குப் பொம்மைன்னு நெனச்சு..." முதுகை ஒரு கை தட்டிக் கொடுத்தது. அவளேதான். சந்தேகமே இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. வலது கையை இடது தோளுக்கு மேல் கொண்டுபோனார்.

பிடி கிடைத்தது.

தோளின் மேல் ஒரு புறங்கை. குளிர்ந்திருந்தது. வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோன்ற தோல். இறுகப் பற்றிக்கொண்டார்.

சொறிவது நிற்கவில்லை.

கீழே, இடுப்புக்குப் பக்கத்தில், நகங்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அது அவளுடைய இன்னொரு கையாக இருக்கும் என்று நினைத்தார். நினைக்க விரும்பினார். மோதிரம் இருந்த விரலைத் தேடித் தன் விரல்களை மெல்ல நகர்த்தினார்.

ஒரு கணு. அடுத்த கணு. அதற்கடுத்து, விரல் முடிய வேண்டிய இடத்தில், இன்னொரு கணு.

இன்னொன்று.

தோளைத் தாண்டி, முதுகில், கீழே. அவர் கை எட்டும் தூரம் முடிந்தது. விரல் முடியவில்லை.

குனிந்து தன் மடியைப் பார்த்தார்.

வலது தோளுக்கு மேலிருந்து, வெற்று மார்பின் வழியே, வெளிறிய விரல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவசரமில்லாமல். கணுக் கணுவாக. வயிற்றைக் கடந்தன. மடிக்கு வந்தன. முழங்காலை மூடின.

இன்னும் வந்துகொண்டிருந்தன.