ஒரே மிதி

அன்று மாலை வேனில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்டியரிங்கில் டிரைவரம்மா. அவள் பக்கத்து சீட்டில், மடியில் டிபன் பையை அணைத்தபடி மேற்பார்வையாளர். நடு வரிசையில், ஜன்னலோரமாகச் சலவைக்காரி. வாயைத் திறந்தால் மூட மாட்டாள் என்பதால் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர். அதே வரிசையில், டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் தையல்காரம்மா. பின்கதவு வரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகிற வெளுத்த விரிப்பு மூட்டைகள்.

தையல்காரம்மா அந்த இடத்தை விட்டு மாறி உட்கார்ந்ததே இல்லை. இதே வேனை முன்பு ஓட்டியவர் அவள் கணவர். ஏரி இறக்கத்தில் கரைச்சுவரை இடித்துக்கொண்டு தண்ணீருக்குள் போனார். வேனைத் தூக்கி, கழுவி, பெயின்ட் அடித்து மறுபடி ஓட்டினார்கள். அவரை அப்படிச் செய்ய முடியவில்லை. ‘அதிவேகம். பிரேக் போடவில்லை’ என்று ஆபீஸ் எழுதி, கோப்பைக் கட்டி வைத்துவிட்டது.

டிரைவரம்மா வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது.

“அன்னிக்கு அவர் வேனுக்குப் பின்னாடி வந்த பால் வண்டிக்காரர் என்ன சொன்னார் தெரியுமா?” ரேடியோ ஆரம்பித்தாள். “சிவப்பு லைட்டு எரிஞ்சு அணைஞ்சு, எரிஞ்சு அணைஞ்சு போச்சாம். அதுக்கு ஆபீஸ்ல, குடிச்சிட்டு விளையாடியிருப்பான்னு…”

“வாய மூடு,” என்றார் மேற்பார்வையாளர்.

தையல்காரம்மா டிரைவர் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வைப்பர் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம் மட்டும். மேடு ஏறி முடிந்ததும் டிரைவரம்மா ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள்.

வேகம் குறையவில்லை.

கூடியது.

ஷூ நுனியைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேலே தூக்கிப் பார்த்தாள். தரையோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. எதிரே இறக்கம். அதன் அடியில், பழைய கரைச்சுவருக்கு நடுவே புதிதாகப் பூசிய ஒரு துண்டு வெளுப்பாகத் தெரிந்தது.

பிரேக்குக்குக் காலைக் கொண்டுபோனாள்.

பெடல் ஏற்கெனவே அசைந்துகொண்டிருந்தது.

உள்ளே போயிற்று. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போயிற்று. அவள் பாதத்தின் மேல் இன்னொரு பாதம், தண்ணீரில் ஊறிய கனத்தோடு, ஐஸ் மாதிரி. குனிந்து பார்த்தாள். அவளுடைய ஷூ மட்டும்தான் இருந்தது. வேனுக்குள் தலைவலித் தைலம் குப்பென்று மணத்தது.

ஒவ்வொரு மிதிக்கும் பெடல் இறுகியது. பிறகு கல்லானது.

“யாரு?” பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். “காலை எடு!”

காதோரம் தையல்காரம்மாவின் மூச்சு பட்டது.

“அவர்தாம்மா… முட்டி வலிக்குன்னு அந்தத் தைலத்ததான் தேய்ப்பாரு. பழைய லாரி ஓட்டின கால். இப்படித்தான், விட்டு விட்டு மிதிப்பாரு.”

டிரைவரம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஓட்டை லாரியில் விட்டு விட்டு மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். இந்த வேனில், ஆக்ஸிலேட்டர் சிக்கி என்ஜின் அலறும்போது அப்படி மிதித்தால், இருக்கிற பிரேக்கும் போய்விடும். மனிதர் கடைசி வரை பிரேக்கைத்தான் மிதித்திருக்கிறார். அந்த மிதிதான் சிவப்பு விளக்காக எரிந்து எரிந்து அணைந்திருக்கிறது. செத்த பிறகும் மிதித்துக்கொண்டிருக்கிறார்.

பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கோபம் வந்தது.

“அண்ணே! இது லாரி இல்ல!” என்று கத்தினாள். “பம்ப் அடிக்காதீங்க! நான் இன்னிக்கு ஏரியில குளிக்கிறதா இல்ல!”

கிளட்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். என்ஜின் ஊளையிட்டது. “சாவிய அணை, சாவிய அணை!” என்று மேற்பார்வையாளர் கையை நீட்டினார். அந்தக் கையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். “ஓடுற வண்டியில அணைச்சா ஸ்டியரிங் பூட்டிக்கும். சும்மா உட்காருங்க சார்!”

சுவர் வந்துகொண்டிருந்தது.

இரண்டு காலையும் பிரேக்கில் ஊன்றி, இடுப்பு சீட்டை விட்டு எழும்ப அழுத்தினாள். “அண்ணே, என்கூட. ஒரே மிதி. எடுக்கவே கூடாது!”

தையல்காரம்மா மெல்லச் சொன்னாள். “என்னங்க. அந்தப் பொண்ணு சொல்றதக் கேளுங்க.”

குளிர்ந்த பாதம் தயங்கியது.

பிறகு அழுத்தியது.

எடுக்கவில்லை.

டயர் கருகுகிற நாற்றத்தோடு வேன் நின்றபோது, புதுப் பூச்சுக்கும் பம்பருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடம்கூட இல்லை. சாவியைத் திருப்பினாள். மழைச் சத்தம் திரும்பி வந்தது. மேற்பார்வையாளரின் இரண்டு கால்களும் டேஷ்போர்டின் மேல் இருந்தன. ரேடியோ வாயடைத்துப் போயிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அலுவலக அறையில் மேற்பார்வையாளர் டிரைவரம்மாவிடம் வெள்ளைத் தாளை நீட்டினார். தையல்காரம்மாவும் ரேடியோவும் கதவோரம் நின்றிருந்தார்கள்.

“பிரேக்குன்னு நெனச்சு ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டேன்னு எழுதிக் குடும்மா. வேலை இருக்கும்.”

“நீங்க பக்கத்துலதானே சார் இருந்தீங்க?”

“நான் ஒண்ணும் பாக்கல.”

“எப்படிப் பாப்பீங்க? கால் கண்ணை மறைச்சிருக்கும்.”

தாளை வாங்கி, அவர் எதிரிலேயே எழுதினாள். தலைமை அலுவலகத்துக்கு. ஆக்ஸிலேட்டர் சிக்கியது, எனக்கும், எனக்கு முன் ஓட்டியவருக்கும். அவர் பிரேக் போட்டார்; பால் வண்டிக்காரரைக் கேளுங்கள். வேனைப் பிரித்துப் பாருங்கள். என் வேலையை எடுத்தாலும் இதை மாற்றி எழுத மாட்டேன். கீழே கையெழுத்து, அதன் பக்கத்தில் தையல்காரம்மாவின் கையெழுத்து. கொஞ்சம் யோசித்துவிட்டு ரேடியோவும் தன்னுடையதைப் போட்டாள்.

உறையை ஒட்டி, வாசல் தபால்பெட்டிக்கு மூன்று பேருமாக நடந்தார்கள். கொட்டகையில் வேன் இருட்டோடு நின்றது. மெக்கானிக் காலையிலேயே பேட்டரியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டிருந்தார்.

கடிதம் பெட்டிக்குள் விழுந்தது.

தைலம் மணத்தது. ரேடியோ டிரைவரம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகைக்குள் வேனின் சிவப்பு விளக்கு இரண்டும் எரிந்தன.

விட்டு விட்டு அல்ல. ஒரே சீராக.