கல்பகம் பெயரில் ஒரு கொலை

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் வேதாசலம் இரானி டீயில் பிஸ்கெட்டை நனைத்துக்கொண்டிருந்தார். எரிச்சலோடு ரிசீவரை எடுத்தார்.

"குகட்பள்ளி போலீஸ் ஸ்டேஷன்."

"இன்ஸ்பெக்டர்... என்னைக் கொலை பண்றா!"

மறுமுனையில் மூச்சு வாங்கியது.

"யார் பேசறது?"

"லக்ஷ்மிநாராயணன்... டெபுடி மேனேஜர்... சென்ட்ரல் கவர்ன்மென்ட் கம்பெனி..."

சாகிற நேரத்திலும் பதவியைச் சொல்ல மறக்காத ஆள்!

"யாரு சார் உங்களைக் கொல்றது? கத்தியா, துப்பாக்கியா?"

"மெதுவா... தினம் கொஞ்சம் கொஞ்சமா பண்ணிண்டிருக்கா... என் ஆம்படையாள்!"

வேதாசலம் தொப்பியை எடுத்தார். பிஸ்கெட் டீக்குள் மூழ்கிவிட்டிருந்தது.

*

நர்சிங் ஹோம். தனி அறை. ஏ.சி.

கட்டிலில் லக்ஷ்மிநாராயணன் சுருண்டு கிடந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உடம்பு கொதித்தது. ஆனாலும் அதிகாரக் குரல் மட்டும் அப்படியே இருந்தது. ஆபீஸில் ப்யூனை விரட்டிப் பழகிய குரல்.

"உட்காருங்கோ. எழுதிக்குங்கோ. பத்து நாளா ஜுரம். குளோரம்ஃபெனிகால் கேப்ஸ்யூல் வேளா வேளைக்கு முழுங்கறேன். ஜுரம் ஒரு டிகிரி இறங்கலை! ஏன்?"

"ஏன்?"

"கேப்ஸ்யூலைப் பிரிச்சு மருந்தைக் கொட்டிட்டு மைதா மாவை அடைச்சு வச்சிருக்கா! வேற என்ன?"

"அவங்க எதுக்கு சார் அப்படிச் செய்யணும்?"

"இன்ஷூரன்ஸ்! அவ தம்பிக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரணுமாம்!"

"வெளியில ஏதாவது சாப்பிட்டிருப்பீங்க... ஓட்டல், கல்யாண வீடு..."

லக்ஷ்மிநாராயணன் எழுந்து உட்காரவே முயன்றார்!

"நானா? ஓட்டலா? நான் சுத்த சைவம் ஓய்! எங்காத்துல முட்டைங்கற வார்த்தையே கிடையாது! அவ கையால போடறதைத்தான் சாப்பிடறேன். அப்போ இந்த வியாதி வேற யார்கிட்டேருந்து வரும்? நான் போயிட்டா கல்பகம்தான் காரணம். நன்னா எழுதிக்குங்கோ!"

எழுதினார் வேதாசலம். கீழே கையெழுத்தும் வாங்கினார். லக்ஷ்மிநாராயணன் பெயருக்குக் கீழே பதவியையும் எழுதி, அடிக்கோடும் போட்டுக் கொடுத்தார்.

அறைக்கு வெளியே பெஞ்சில், மடியில் கஞ்சி ஃபிளாஸ்க்கோடு ஒரு பெண்மணி. கல்பகம். கதவு திறந்துதான் இருந்தது. எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எழுதிக் கொடுத்துட்டாரா?" என்றாள்.

"ஆமாம்மா. இது மரண வாக்குமூலம் மாதிரி. அவர் செத்துட்டா கோர்ட்டு இதைத்தான் முதல்ல படிக்கும். நேரே சஞ்சல்கூடா ஜெயில்."

"பிழைச்சுட்டா?"

"பிழைச்சா நீங்க வீட்டுக்குப் போகலாம். ஆனா இன்னும் ரெண்டு மூணு நாள்தான் தாங்குவாருன்னு டாக்டர் சொல்றாரு."

கல்பகம் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

"இதுதான் அந்த கேப்ஸ்யூல். கொண்டுபோய்ப் பாருங்கோ. மைதாவுல தோசை வார்த்திருக்கேன் சார். கொலை பண்ணத் தெரியாது."

*

"மைதாவும் இல்ல, மண்ணும் இல்ல. அசல் மருந்து!"

லேப்பில் டாக்டர் ஆரோக்கியமேரி டப்பாவை மேஜைமேல் வைத்தாள். கிருமி ஆராய்ச்சி அவள் தொழில். அவளும் வேதாசலமும் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். இன்றைக்கும் அவர் இன்ஸ்பெக்டர் இல்லை, அவளுக்குத் தம்பி.

"அப்புறம் ஏன் மேரியக்கா ஜுரம் இறங்கலை?"

"இங்க வந்து பாரு தம்பி."

இரண்டு வட்டக் கண்ணாடித் தட்டுகள். உள்ளே ஆடை படிந்ததுபோல் கிருமி வளர்ந்திருந்தது. நடுவில் பொட்டு அளவில் மருந்து தோய்த்த காகிதத் துண்டுகள்.

"இது வேற ஒரு பேஷண்டோட கிருமி. மருந்துத் துண்டைச் சுத்தி வெறும் வளையம் தெரியுதா? மருந்து கிட்ட வந்ததும் கிருமி செத்துடுச்சு. இப்ப உன் டெபுடி மேனேஜரோட ரத்தத்துலேருந்து எடுத்த கிருமியைப் பாரு."

வளையமே இல்லை! மருந்துத் துண்டை ஒட்டியே கிருமி கொழுகொழுவென்று வளர்ந்து கிடந்தது.

"அடப்பாவி! மருந்துமேலயே ஏறி உட்கார்ந்திருக்கு!"

"குளோரம்ஃபெனிகால், டெட்ராசைக்ளின், ஆம்பிசிலின்... எதுக்கும் மசியலை. இந்தக் கிருமி எங்கேயோ தினமும் மருந்துக்கு நடுவுலயே வளர்ந்திருக்கு. கொஞ்சங் கொஞ்சமா மருந்து படறப்ப சோனிக் கிருமியெல்லாம் செத்துடும். தாங்கினது மட்டும் தங்கிப் பெருகும். அது போதாதுன்னு, தாங்கற வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் கொடுத்துடும்."

"எங்கே வளர்ந்திருக்கும்?"

"இது சால்மோனெல்லா. டைஃபாய்டுக்குச் சொந்தக்காரன். இந்த வகை அதிகமா இருக்கறது கோழி வயித்துல. உன் ஆளு கோழி சாப்பிடுவாரா?"

"நக்கோ அக்கா, தொடவே மாட்டாரு! முட்டைன்னு நாம சொன்னாலே அவரு குளிப்பாரு!"

"அப்ப கோழி அவரைத் தேடி வந்திருக்கு. எப்படின்னு கண்டுபிடி. நான் அதுக்குள்ள இவரைக் காப்பாத்த மருந்து தேடறேன்."

*

"கோழியா?"

கல்பகத்தின் கையிலிருந்த ஃபிளாஸ்க் மூடி கீழே விழுந்து உருண்டது.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. உங்க கழுத்துக்குத்தான் கயிறு."

கல்பகம் அறையின் கதவைப் பார்த்தாள். பிறகு அதைச் சாத்திவிட்டு வந்தாள்.

"குகட்பள்ளி தாண்டி என் பேர்ல ஒரு தோட்டம் இருக்கு. சர்க்கார் கம்பெனியில இருக்கறவா தொழில் பண்ணப்படாதாம். அதனால என் பேர்ல. கையெழுத்துப் போடுன்னார், போட்டேன். நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. காவல்காரன் அய்யாக்கண்ணு போன மாசம் இதே ஜுரத்துல போயிட்டான். நான்தான் இவருக்குத் தெரியாம அதே கேப்ஸ்யூலைக் கொடுத்தனுப்பினேன். பிழைக்கலை."

"செத்துட்டானா? எங்களுக்குத் தகவலே வரலையே!"

"காவல்காரன் செத்தா யார் சார் போலீஸுக்குப் போன் பண்றா?"

வேதாசலத்துக்கு முகத்தில் அறை விழுந்ததுபோல் இருந்தது. ஜீப்புக்கு நடந்தார்.

*

வாடை முதலில் வந்தது. தோட்டம் பிறகுதான் தெரிந்தது.

தோட்டமாவது! நீள நீளமான கொட்டகைகள். கம்பி வலைக்குள் ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கோழிகள்! முட்டை என்ற வார்த்தையே இல்லாத வீட்டு எஜமானர், முட்டையை லாரியில் ஏற்றி ஊர் முழுக்க விற்றுக்கொண்டிருந்தார். வார்த்தைதான் ஆகாது. வருமானம் ஆகும்!

அய்யாக்கண்ணுவின் மனைவி அன்னக்கிளி தீவனம் கலந்துகொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. தீவனக் குவியலின்மேல் ஒரு மூட்டையிலிருந்து மஞ்சள் பவுடரை முறத்தால் வாரிப் போட்டாள்.

"அது என்னம்மா?"

"மருந்து சார்."

"கோழிக்கு சீக்கா?"

"நை சார். சீக்கு வரக்கூடாதுன்னு. சீக்கிரம் கொழுக்கும்னும் முதலாளி சொல்வாரு. ஜுரத்துக்கு மனுசன் சாப்பிடுற அதே மருந்துதான். மூட்டை மூட்டையா வரும். தினம் போடணும்."

"தண்ணி?"

"அதோ கிணறு. மழை பெஞ்சா எருக்குழி ரொம்பி அதுலதான் எறங்கும். மிச்சம் ஓடைக்குப் போயி ஏரியில விழும். எருமைங்கல்லாம் அங்கதான் குடிக்கும். எங்க ஊட்டுக்காரரு இந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிச்சாரு. போர் போட்டுக் குடுங்கன்னு கேட்டாரு. கோழி குடிக்குதே, உனக்கென்னன்னு சொல்லிட்டாரு முதலாளி."

அவள் அழவில்லை. முறத்தைக் கீழே போட்டுவிட்டுக் கையை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

"முதலாளி இங்க தண்ணி குடிப்பாரா?"

"ஐயோ! அவரு மூக்குல கர்ச்சீப் வச்சிக்கினு வாசல்லயே நிப்பாரு. ஒண்ணையும் தொட மாட்டாரு. அதை மட்டும் எடுத்துக்கினு போவாரு."

அன்னக்கிளி கையை நீட்டினாள்.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு பாத்தி. பச்சைப்பசேலென்று கொத்தமல்லி! அடியில் ஈரமான கோழி எரு கறுப்பாகப் படிந்திருந்தது.

வேதாசலம் ஒரு கொத்தைப் பிடுங்கி பாலித்தீன் பையில் போட்டார். கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில். எரு ஒரு பொட்டலம்.

போகிற வழியில் நர்சிங் ஹோம் வாசலில் ஜீப்பை நிறுத்தினார்.

"அம்மா, கொத்தமல்லியை என்ன பண்ணுவீங்க?"

"பச்சையாவே அரைச்சுத் துவையல். வதக்கினா வாசனை போயிடும்பார். தினம் வேணும்."

"நீங்க சாப்பிட மாட்டீங்களா?"

"எனக்கு மிச்சம் வச்சாத்தானே!"

பெண்டாட்டிக்கு ஒரு உருண்டைத் துவையல்கூட மிச்சம் வைக்காத மகா புருஷன். அந்தப் பேராசைதான் அவள் உயிரைக் காப்பாற்றியிருந்தது!

*

ஆரோக்கியமேரி தட்டுகளை வரிசையாக வைத்தாள். எரு, கிணறு, கொத்தமல்லி, லக்ஷ்மிநாராயணனின் ரத்தம்.

எதிலும் பழைய மருந்தைச் சுற்றி வளையம் இல்லை. எல்லாம் ஒரே கிருமி!

"கேஸ் முடிஞ்சுது தம்பி. கொலைகாரன் கட்டில்லயே படுத்திருக்கான். மருந்தைத் தின்னு பொழைக்கற கிருமியை வளர்த்து, எருவுல போட்டு, தண்ணியில விட்டு, காவல்காரனைக் கொன்னு, கடைசியில தன் இலையிலயே பரிமாறிக்கிட்டான்!"

"அந்த அம்மாமேல தப்பில்லைன்னு எழுதிடலாமா?"

"தாராளமா! இந்தாளைத்தான் காப்பாத்தணுமான்னு யோசிக்கிறேன்."

"அக்கா!"

"சும்மா சொன்னேன். டாக்டரா போய்ட்டேனே! இந்த வருஷம்தான் புதுசா ஒரு மருந்து வந்திருக்கு. இந்தக் கிருமி இன்னும் அதைப் பார்த்ததில்லை. அதுக்கு மட்டும் வளையம் விழுந்திருக்கு!"

*

ஜுரம் இறங்கியது.

லக்ஷ்மிநாராயணன் தலையணையில் சாய்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார். சுற்றிலும் வேதாசலம், ஆரோக்கியமேரி, கல்பகம். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். பழைய மருந்து அசல்தான், பண்ணைக் கிருமிக்குத்தான் அது பழகிப்போய்விட்டது என்று.

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"டாக்டர்... அந்தப் புது மருந்து பேர் என்ன?"

"எதுக்கு?"

"மூட்டையா கிடைக்குமா? பழசுதான் இனிமே வேலை செய்யாதுங்கறேளே... கோழிக்குப் புதுசை ஆரம்பிச்சுடலாமேன்னு!"

அய்யாக்கண்ணுவின் பெயரைக்கூட அந்த ஆள் எடுக்கவில்லை!

கல்பகம் டம்ளரை நிதானமாகக் கீழே வைத்தாள்.

"ஏன்னா, எந்தக் கோழிக்கு?"

"நம்ம கோழிக்குத்தான்டி!"

"நம்ம கோழியா? என் பேர்ல இருந்த கோழி. டாக்டர் சொன்னபடி குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடியாச்சு. கிணத்தையும் மூடியாச்சு. நிலத்தை அன்னக்கிளிக்கு எழுதிக் கொடுத்துட்டேன். காலம்பற ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டேன். எங்கே போடணும்னு நீங்கதானே பழக்கி வச்சேள்!"

இட்லி தட்டில் விழுந்தது!

"இன்ஸ்பெக்டர்! மோசடி! என் சொத்து! என் உழைப்பு! இவளை அரெஸ்ட் பண்ணுங்கோ!"

"ஹவ் சார், ஆகட்டும்! இப்பவே பண்ணிடலாம்!"

வேதாசலம் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"பண்ணை உண்மையில என்னுதுதான்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போடுங்க. பதவியையும் போடுங்க. ஒரு காப்பி உங்க ஆபீஸ் விஜிலென்ஸுக்குப் போகும். இன்னொண்ணு அய்யாக்கண்ணு சாவு கேஸுக்கு. நேத்துதான் நானே ஃபைல் திறந்தேன். பொறுப்பான முதலாளி யாருன்னு தேடிக்கிட்டிருக்கேன்."

லக்ஷ்மிநாராயணன் பேனாவைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கைகளைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார்.

"பண்ணையா? எந்தப் பண்ணை? எங்காத்துல முட்டைங்கற வார்த்தையே கிடையாதே சார்!"

வேதாசலம் பேனாவை மூடிச் சட்டையில் செருகினார்.

"மேரியக்கா... ஆளு பழைய நிலைமைக்கு வந்துட்டாரு. டிஸ்சார்ஜ் பண்ணிடுங்க!"