பாதியில் நின்றவள்

"அழிச்சிட்டேன்னு நீங்கதானே…"

"அழிச்சேன்னு நான் சொல்லவே…"

"…அப்புறம் யாரு சொன்னது, சுவரா?"

சமையலறையில் கணவனும் மனைவியும் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வீடியோ கேம் ரிப்பேர் கடை. பழைய கருவி எது வந்தாலும் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத்தான் விற்பான். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. சொந்த மகளுக்குக் கொண்டுவந்ததில் மட்டும் அழிக்கவில்லை. அந்தக் கையடக்கக் கருவியின் வண்ணம் தீட்டும் விளையாட்டில் யாரோ ஒரு படத்தைப் பாதியில் விட்டிருந்தார்கள். வெறும் கோடுகளாலான ஒரு சிறுமி, கதவோரம் நின்று எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம்ப்பா, நான் முடிச்சுக் கொடுத்துடறேன்" என்று முன்பல் விழுந்த வாயோடு குட்டி கெஞ்சினாள். விட்டுவிட்டான்.

குட்டி படத்துக் கவுனுக்குப் பச்சை வைத்தாள். மறுநாள் கொடியில் காய்ந்த அவளுடைய பச்சைக் கவுன் வெளுத்துப் போயிருந்தது. அம்மா சோப்புத்தூளைத் திட்டித் தீர்த்தாள். குட்டி படத்துச் செருப்புக்குச் சிவப்பு வைத்தாள். வாசலில் கிடந்த அவள் சிவப்புச் செருப்பு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. எல்லாம் வெயில்தான் என்றான் அப்பா. இன்று சாயங்காலம் மகளுக்குத் தலை வார உட்கார்ந்த அம்மா சீப்பைக் கீழே போட்டாள்.

ஏழு வயதுப் பிள்ளையின் பின்னல் முழுக்க நரை.

"முதல்ல போய் அதை அழிங்க."

ஹாலில் இருந்த மகளிடமிருந்து கருவியைப் பிடுங்கி வந்தான். படத்தில் கூந்தல் கன்னங்கரேலென்று மின்னியது. கண்கள் மட்டும் வெற்று வட்டங்கள்.

படத்துச் சிறுமி இப்போது எங்கோ பார்க்கவில்லை. அவனையே பார்த்தாள்.

பழகிய விரல் தானாக ஓடியது. எல்லாவற்றையும் அழிக்கவா? ஆம்.

திரை வெளுத்தது. மெழுகுக் கிரேயான் வாடை சமையலறையெங்கும் பரவியது. ஹாலில் ஏதோ மெல்ல உரசியது, தாளைத் திருப்புவதுபோல.

மனைவி அவன் சட்டையைப் பற்றினாள்.

"ஏங்க… குட்டியோட நிறமெல்லாம் அதுக்குள்ளதானே இருந்துச்சு?"

ஓடினார்கள்.

குட்டி கதவோரம் முதுகைக் காட்டி நின்றாள். பச்சைக் கவுன். சிவப்புச் செருப்பு. நரையின் சுவடே இல்லாத கூந்தல். அப்பாடா என்று மனைவி சுவரில் சாய்ந்தாள். எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று முணுமுணுத்தாள்.

அவன் கையில் திரை விழித்துக்கொண்டது.

வெள்ளையில் ஒரு கோடு வளைந்தது. இன்னொன்று. ஒரு சின்னப் பின்னல். முன்பல் விழுந்த வாய். அது திறந்து திறந்து மூடியது, சத்தமே இல்லாமல்.

கதவோரம் நின்றவள் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினாள்.

"கண்ணு மட்டும் பாக்கிப்பா. அதைக் கொடுங்க."