பென்சிலில் போட்ட எண்

நாவலாசிரியர் உள்ளே நுழைந்ததும் கொழுந்தனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்த நாற்காலிகளில் ஆடாத ஒன்றைத் தேடித் துடைத்துப் போட்டார். வந்தவருடைய பதினொரு நாவல்களையும் படித்தவர் அவர். ஒன்றில் கதாநாயகி ஆற்றில் இறங்கியபோது ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணிக்கு அந்தப் பரவசமெல்லாம் கிடையாது. அஞ்சலகத்தில் விலாசம் சரியில்லாத கடிதங்களுக்கு ஆள் தேடியே இருபது வருடம் போக்கிவிட்டு, இப்போது துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். கொழுந்தன்தான் ஒரே உதவியாளர்.

"இதை எழுதறது யாருன்னு தெரியணும்," என்று நாவலாசிரியர் ஆறு உறைகளை மேசைமேல் வைத்தார். "பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால நான் ஆத்துல சாகடிச்ச கதாநாயகியே எழுதற மாதிரி வருது. புத்தகத்துல இல்லாததெல்லாம் சொல்றா. பயமா இருக்கு."

அண்ணி ஒவ்வொன்றாகப் பிரித்தார். தாள்கள் குண்டூசியால் கோக்கப்பட்டிருந்தன. மடிப்புகளில் கருநீல நூல் துணுக்குகள். கடிதங்களின் மேல் மூலையில் வேறு கையெழுத்தில், பென்சிலில், ஒன்று முதல் ஆறு வரை எண்கள். இரண்டாவதில் ஒரு வரியைப் பென்சிலால் அடித்துத் திருத்தியும் இருந்தது. கடைசி உறையில் விழுந்த அஞ்சல் முத்திரை நான்கு மாதம் பழையது.

"உங்க கதையில வர்ற ஆளுங்களை எப்படி உருவாக்கறீங்க, சார்?"

அதற்காகவே காத்திருந்தவர் போல அவர் சாய்ந்து உட்கார்ந்தார். "உருவாக்கறதில்லைம்மா. அவங்களா வருவாங்க, பேசுவாங்க. நான் எழுதிக்கறேன், அவ்வளவுதான். ஆனா படிக்கிறவன் நம்பணும்னா ஒரு சின்னப் பழக்கம் கொடுக்கணும். என் கதாநாயகி எப்பவும் இடது கையாலதான் தாழ்ப்பாள் போடுவா. அந்த ஒரு வரியில அவளுக்கு உயிர் வந்துடுச்சு."

"அது எங்கேருந்து வந்துச்சு?"

"கற்பனைதான். வேற எங்கேருந்து?"

அண்ணி நான்காவது கடிதத்தை வாசித்தார். "'இடது கை என்று எழுதினீர்கள். பதினொரு வயதில் மாடிப்படியிலிருந்து விழுந்ததில் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது என்பதை எழுதவில்லை.' உங்களுக்குத் தங்கச்சி உண்டா, சார்?"

"உண்டு," என்றார் நாவலாசிரியர். "பேச்சுவார்த்தை இல்லை. புருஷன் வீட்டை விட்டு வெளியேறிட்டாளாம். இப்ப எங்கே இருக்காளோ."

அவர் போனபின் அண்ணி சிரித்தார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறார், தம்பி. வாங்க, கிளம்பலாம்."

முத்திரையில் இருந்த வட்டாரத்தில், அந்த நூலின் நிறமான கருநீலத்தில் பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அண்ணி நூல்கண்டு கேட்டார். அது தையல்காரம்மாவின் வலப்பக்கத்து மேல்தட்டில் இருந்தது. அந்த அம்மா எழுந்து, முழுக்கச் சுற்றித் திரும்பி, இடது கையை நீட்டி எடுத்தார். கொழுந்தன் கண்ணால் ஜாடை காட்டினார். அண்ணி அதற்கு முன்பே கடிதங்களை வெளியே எடுத்துவிட்டார்.

"நான்தான் எழுதினேன்," என்றார் தையல்காரம்மா. மறைக்கவில்லை. "இடது கை என்னுது. சிரிக்கறப்ப வாயைப் பொத்திக்கறது என்னுது. பக்கத்து வீட்டுக்காரனோட போனது மட்டும்தான் அண்ணனோட கற்பனை. படிச்சவங்களுக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை. பாதி நிஜம்னா மீதியும் நிஜம்தானேன்னு என் வீட்டுக்காரர் கேட்டார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெளியே வந்துட்டேன். அண்ணன் தேடி வந்து மன்னிப்புக் கேட்பான்னுதான் ஆறு கடிதம் எழுதினேன்."

"விலாசம் போடலையே?"

"ஏழாவதுல போடலாம்னு இருந்தேன். அனுப்ப மனசு வரலை." மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதினார். "இதைப் படிச்சிட்டு மன்னிச்சுக்கோன்னு ஒரு வார்த்தை சொன்னா, சீட்டைக் கொடுங்க. எனக்கும் அவனை விட்டா யாரும் இல்லை."

மறுநாள் நாவலாசிரியர் வந்தார். சீட்டு கொழுந்தனின் சட்டைப்பையில் இருந்தது.

"எழுதினது உங்க தங்கச்சி," என்றார் அண்ணி. "அது உங்களுக்கு முதல் கடிதத்துலயே தெரியும். பயந்தவர் கடிதம் வர்றப்பவே ஓடி வருவார். நீங்க கடிதம் நின்னு நாலு மாசம் கழிச்சு வந்திருக்கீங்க. மிரட்டல் கடிதத்துக்கு யாரும் வரிசை எண் போட்டு, வரியைத் திருத்தி வைக்கமாட்டாங்க. கதைக்குத்தான் அப்படிச் செய்வாங்க. கடிதம் நிக்கணும்னு நீங்க வரலை. மறுபடி வரணும்னு வந்தீங்க."

வாயில் ஈ போவது தெரியாமல் கொழுந்தன் கேட்டுக்கொண்டிருந்தார்.

நாவலாசிரியர் மறுக்கவில்லை. "பன்னிரண்டு வருஷமா என் எழுத்துல உயிர் இல்லைம்மா. அவ எழுத்துல இருக்கு. அவளைக் கண்டுபிடிச்சா இன்னும் எழுதச் சொல்லலாமேன்னு பார்த்தேன். இதுல என்ன தப்பு?"

அண்ணி ஏழாவது கடிதத்தை நீட்டினார். எட்டே வரிகள். கடைசி வரி இப்படி இருந்தது: 'அன்று படியில் என்னைத் தள்ளிவிட்டது யார் என்று அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை, அண்ணா.'

அவர் இரண்டு முறை படித்தார். கண் கலங்கியது. கொழுந்தனின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது.

நாவலாசிரியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பென்சிலை எடுத்தார். தாளின் மேல் மூலையில் ஏழு என்று எண் போட்டார்.

அண்ணி அதை அவர் கையிலிருந்து வாங்கி, மற்ற ஆறோடு சேர்த்துப் பூட்டினார்.

"அவ விலாசம்?"

"கிடைக்கலை, சார்."

அவர் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு கொழுந்தன் மெதுவாகக் கேட்டார். "கண் கலங்கினாரே, அண்ணி?"

"கலங்கிச்சு, தம்பி. நல்ல எழுத்தைப் படிச்சா கலங்கத்தான் செய்யும்."

கொழுந்தன் சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார். தையல் கடைக்குப் போய் என்ன சொல்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.