முனியம்மா நீவிய கழுத்து

அறுபத்தெட்டாம் வருஷத்து ஐப்பசி மழையில் கள்ளிக்குப்பத்தில் எத்திராஜ் வீட்டு முன்னறைக்குக் குடிபோனேன். முன்பே பேசிவைத்த இடம். என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டவன், "இன்னா நைனா, பொட்டிய விட நீ லேசா கீறே" என்றான். சொன்னவன் முகத்தில் சிரிப்பில்லை. மொட்டைத் தலை. அவன் அம்மா முனியம்மா நெஞ்சுவலியில் போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

உள்ளே அவன் தங்கை தாட்சாயிணி. ஸ்டவ் வெடித்துக் கழுத்தும் விரல்களும் வெந்தவள். ஆஸ்பத்திரியில் தொடைத்தோலை எடுத்துக் கழுத்தில் ஒட்டியிருந்தார்கள். தினமும் எண்ணெய் விட்டு நீவாவிட்டால் அந்தத் தோல் சுருங்கி, தாடையை நெஞ்சோடு இழுத்துவிடும் என்று நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருந்தார். நீவிவிட்டது முனியம்மாதான்.

"இப்ப யார் நீவுறா?" என்றேன்.

"சாவூட்ல எண்ணெ தொடக்கூடாது நைனா. கருமாதி முடியட்டும். அம்மாவுக்கு ஆவாது."

எண்ணெய்ப் புட்டியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டிருந்தான். எங்கள் சங்கரன்கோவில் பக்கமும் அதுதான் வழக்கம்.

தாட்சாயிணியின் தலை தாழ்ந்துகொண்டே போனது. கஞ்சி குடிக்கக்கூட அவளால் நிமிர முடியவில்லை.

ஒரு சாயங்காலம் மழை விட்டிருந்தது. விளக்கு ஏற்றவில்லை. எத்திராஜ் ஷிஃப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றினான். உள்ளிருந்து தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. பிறகு, தோல்மேல் உள்ளங்கை வழுக்கும் சத்தம்.

"மெதுவாம்மா... எரியுது."

எட்டிப்பார்த்தோம்.

தாட்சாயிணி சுவரில் சாய்ந்திருந்தாள். ஒட்டிப்போன விரல்கள் மடியில் கிடந்தன.

பக்கத்தில் யாருமில்லை.

கழுத்துத் தோலில் ஒரு குழி விழுந்தது. கட்டைவிரல் அகலம்.

அது மெல்லத் தாடைக்கு ஏறியது.

"யாரு... யாரு எண்ணெ குட்த்தது?" எத்திராஜ் கத்தினான்.

"கத்தாதண்ணே," என்றாள் கிசுகிசுப்பாக. "அம்மா பூடும்."

அவன் பூட்டியிருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்துவந்தான்.

"நீ போய்ச் சேரும்மா. நான் பாத்துக்கறேன். பாவம் வந்தா எனக்கே வரட்டும்."

மிஷின் பிடித்துக் காய்த்த கை. அழுத்தி நீவினான். தாட்சாயிணி பல்லைக் கடித்தாள்.

சட்டென்று அவன் கை நின்றது. பிறகு கீழிருந்து மேலாக, இறகு மாதிரி நகர்ந்தது.

அவன் புறங்கையில் நான்கு குழிகள் அழுந்தியிருந்தன.

"இப்டியாம்மா?" என்றான் அழுதுகொண்டே.

கருமாதியன்று படையல் போட்டு அம்மாவை அனுப்பிவைத்தார்கள். மறுநாள் எத்திராஜ் எண்ணெயோடு தங்கை பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருந்தது.

அவன் கை வைத்தான்.

புறங்கையில் மறுபடியும் நான்கு குழிகள் விழுந்தன.