சூடு ஆறாத மடிக்கணினி

மின்கலத்தைக் கழற்றி வைத்து நெடுநாளான பின்னும் அந்த மடிக்கணினி சூடாக இருந்தது. அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து அதை எடுத்த ஸ்ரீப்ரியா, அப்போதுதான் ஒருவர் எழுந்துபோன நாற்காலியைத் தொட்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள்.

ஆற்றங்கரைக் கரமனையின் மேல் கவிந்து தொங்கிய மழை, மாலையை முன்கூட்டியே இருளாக்கியிருந்தது. ஓட்டிலிருந்து வடியும் நீரின் ஓயாத ஒலி, ஆற்றுச் சேற்றின் வாடை, கல்யாண முறுக்குக்கு அடுக்களையில் வறுபடும் உளுந்தின் மணம், இவையனைத்துக்கும் அடியில், மிக மெலிதாக, மயிர் கருகும் நாற்றம்.

கணினி அவள் கணவன் உமாசங்கருடையது. பழுதான அதைச் சரிசெய்வதா, எறிவதா என்று திரும்பிவந்து முடிவு செய்யலாம் எனச் சொல்லிப் பொன்முடி மலைக்குப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காணாமற்போனவனுக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கச் சொன்ன அதே சாத்திரம், அவன் தங்கைக்கு வரன் தகைந்ததும் ஒரே ஆண்டில் இளகிக் கொடுத்தது. தர்ப்பைப் புல்லால் ஓர் ஆளைச் செய்தார்கள். அதற்கு உமாசங்கர் என்று பெயரிட்டார்கள். ஆற்றங்கரையில் எரித்தார்கள். அவன் இறந்ததைக் கண்டவர் யார்? கடைசி மூச்சைக் கேட்டவர் யார்? மகளிர் கூட்டங்களில் இப்படியெல்லாம் கேள்வி கேட்டு முழங்கியவள்தான் ஸ்ரீப்ரியா. தன் வீட்டுக்குள் அவள் கேட்கவில்லை. தேடித் தேடிக் களைத்திருந்தாள். அந்தக் களைப்பைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்கள், அவளும் மறுக்கவில்லை.

இன்று அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே: எரித்த அன்று அவன் உயிரோடிருந்தானா? அவனுடைய கைப்பேசி கடைசியாக எங்கே, எந்த நாளில் இயங்கியது என்பதைக் காட்டும் இணையக் கணக்கு, இந்தக் கணினியில் மட்டுமே திறந்தபடி இருந்தது.

பழுது பார்க்க வந்த சுதீஷ், கூடத்துத் தரையில் அமர்ந்து அடிமூடியைக் கழற்றினான். கழற்றியவன் முகத்தைச் சுளித்தான்.

"சேச்சி, இதை ஆராவது தீயில வச்சாங்களா?"

"இல்லையே. அலமாரியிலேயேதான் இருந்தது."

"உள்ளே போர்டு மொத்தம் கரிஞ்சு போச்சு. ஸ்பீக்கர் உருகி ஒட்டியிருக்கு. புறத்தே ஒரு பாடும் இல்லா, ஒரு தழும்புகூட இல்லா." அவன் சிரிக்க முயன்றான். "ரிப்பேர் ஒண்ணும் வேண்டா சேச்சி. காரியம் பண்ணி விட்டுடுங்கோ."

யாரும் சிரிக்கவில்லை.

அடுக்களையிலிருந்து மாமியார் பகவதியம்மாளின் குரல் வந்தது. "கெட்டுப்போனதை ஆத்துக்குள்ள வச்சுண்டு என்னடீ பண்ணப்போறே? நாளன்னிக்குக் கல்யாணம். தூக்கிப் போடச் சொல்லு."

தூக்கிப் போட்டுவிடலாம். எத்தனை எளிது. உடம்பு முழுவதும் அதைத்தான் கேட்டது. ஆனால் கரிந்த அந்தப் பலகையை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அன்றைக்கு எரிந்தது புல் மட்டுந்தானா?

"சரி பண்ணு, சுதீஷ். திரை வந்தாப் போறும்."

அவன் கணினியைத் திருப்பித் திரையை விரித்துவிட்டு, பையிலிருந்து வேறொரு பலகையை எடுத்தான். அதை மாட்டவில்லை. மின்கம்பியைத் தொடவும் இல்லை.

திரை வெளுத்தது.

வெண்மையில் ஒரு கறுத்த வட்டம். விரலால் அழுத்தினால் நிறம் கலையுமே, அப்படி. யாரும் அழுத்தவில்லை. இன்னொன்று. ஐந்து. பிறகு ஓர் உள்ளங்கை.

உள்ளேயிருந்து.

"என்டம்மே! எனிக்கு வேண்டா, சேச்சி!" கருவிகளை அப்படியே போட்டுவிட்டுச் சுதீஷ் மழைக்குள் ஓடினான்.

கை நகர்ந்தது. திரையின் ஓரங்களைத் தடவியது. பூட்டிய அறையில் கதவைத் தேடுகிறவனின் கை. பின்பு ஒரு பெரிய வட்டம் படிந்தது. விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

வாய்.

ஓசையில்லை.

"அம்மா, பாருங்கோ. அவர்தான். அவரேதான்."

பகவதியம்மாள் வந்து நின்றாள். நெடுநேரம் பார்த்தாள். கை ஒருமுறை திரைவரை போயிற்று. மாடியில் கல்யாணப் பெண் எதற்கோ சிரித்தாள்.

கிழவி குனிந்தாள். திரை மூடியை மூடினாள். இரு கைகளாலும் அழுத்தினாள்.

"அம்மா!"

"எரிச்சாச்சுடீ. பதிமூணாம் நாளுக்கு எல்லாரும் வந்து சாப்ட்டுப் போயாச்சு. இப்போ இவன் வந்தா அவளுக்கு எவன்டீ தாலி கட்டுவான்?"

மூடி உயர்ந்தது. ஒரு நூல் அளவு. கிழவி முழு உடலையும் சாய்த்தாள். உள்ளங்கைத் தோல் பொரியும் மணம். அவள் கையை எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்தது. கையை எடுக்கவில்லை.

மீண்டும் ஒரு நூல்.

"நீயும் பிடிடீ. என்னால முடியலை."

ஸ்ரீப்ரியா மண்டியிட்டாள். கை நீட்டினாள். அழுத்தவா? தூக்கவா? களைப்பு. எல்லையற்ற களைப்பு.

இடுக்கு வழியே கரிந்த நான்கு விரல்கள் வெளியே வந்தன. தரையைத் தடவின. கிழவியின் வளையலைத் தடவின. அதை விட்டு நகர்ந்தன.

ஸ்ரீப்ரியாவின் விரல்களைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டன.